உப்பளத்துப் பட்டறையில் ஒரு டோ பார்

கையால் ஒரு சாமானைச் செய்து விற்கிற தொழிலில் எல்லோருக்கும் ஒரே தலைவலிதான்: செய்ததை நீட்டினால், வாங்குகிறவர் சாமானைப் பார்ப்பதில்லை, நம் மூஞ்சியைத்தான் பார்ப்பார். கேட் செய்கிறவர், ஆட்டோவுக்கு சீட் தைக்கிறவர், மாவு மில்லுக்குச் சல்லடை அடிக்கிறவர் என்று இதை வாசிக்கிற உங்களில் யாராவது அந்தப் பார்வையை வாங்கியிருப்பீர்கள். நான் வாங்கியது கொஞ்சம் கூடுதல். ஏனென்றால் நான் செய்வது விமானத்துக்கான சாமான். செய்கிற இடம் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில், உப்பளத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. செய்கிறவள் பொம்பளை.

பயந்துவிடாதீர்கள். இறக்கையோ எஞ்சினோ நான் செய்வதில்லை. சின்ன விமானத்துக்குத் தானாகப் பின்னால் போகத் தெரியாது. மூக்குக்குக் கீழே இருக்கிற சக்கரத்தில் ஒரு கவட்டைக் கம்பியை மாட்டி, ஆள்தான் இழுக்க வேண்டும். அந்தக் கம்பிக்கு டோ பார் என்று பேர். நிறுத்தி வைத்த விமானத்தின் வாலிலும் இறக்கையிலும் அசைகிற பாகங்களைக் காற்று அடித்து உடைத்துவிடாமல் பிடித்து வைப்பது கன்ட்ரோல் லாக். இவை இரண்டும்தான் என் பிழைப்பு.

நாசரேத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் டீச்சர். நான் மட்டும் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன். "எஸ்தர் எங்க வேலை பாக்கா?" என்று யாராவது கேட்டால் அம்மா இன்றைக்கும் பேச்சை மாற்றிவிடுவாள். பட்டறை அண்ணனுடையது. அவன் மஸ்கட்டுக்குப் போன பிறகு நானும் அவன் மனைவி பாக்கியம் மதினியும் நடத்துகிறோம். இரும்பு என் பக்கம், தையல் மதினி பக்கம்.

தொடாமல் அளவெடுப்பது

விமான நிலையத்துப் பக்கம் ஒரு பயிற்சிப் பள்ளி வந்தது. பைலட் ஆகப் படிக்கிற பிள்ளைகள், ஆறு சின்ன விமானங்கள். அங்கே தரை வேலைக்குச் சேர்ந்தவர் சூசை அண்ணாச்சி. முன்னால் சங்கு குளிக்கப் போனவர். ஒருநாள் ஆழத்தில் இடது காது ஜவ்வு கிழிந்து, கடலை விட்டுவிட்டார். "எஞ்சின் இரைச்சல்ல நிக்கதுக்கு ஒத்தக் காதுக்காரன்தான் லாயக்கு" என்று சொல்லியே அந்த வேலையை வாங்கினாராம். அவர் முன்னால் கடலுக்குப் போன வள்ளத்துக்கு நாங்கள் எஞ்சின் ஸ்டாண்டு செய்து கொடுத்த பழக்கத்தில், ஒருநாள் காலையில் மொபெட்டின் குறுக்கே ஒடிந்த கம்பி ஒன்றை வைத்துக்கொண்டு வந்து நின்றார். கப்பலில் வந்த டோ பார். கவட்டை முனை வெல்டிங்கிலேயே விட்டிருந்தது. புதிதுக்கு எழுதிப் போட்டால் வர இரண்டு மாதம் ஆகுமாம். அதுவரை நாலு பேர் சேர்ந்து விமானத்தை வால் பக்கம் அமுக்கித் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஒடிந்ததை ஒட்டித் தரமாட்டேன், விமானத்தைப் பார்த்துப் புதிதாகவே செய்வேன் என்றேன். அடுத்த நாள் உள்ளே விட்டார்கள். சீஃப் எஞ்சினியர் கதிர்வேல் சார் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், விமானத்தைப் பிள்ளை மாதிரி பார்க்கிறவர். நான் வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொண்டு மூக்குச் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்ததுமே பதறிவிட்டார். "அம்மிணி, தொடாதீங்க!"

"தொடாம அளவெடுக்க எனக்கு ஜோசியம் தெரியாது சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் தள்ளி நின்றார். ஐந்தாம் நாள் கம்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெல்டிங்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், மாட்டினார், இழுத்தார், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். குறை ஒன்றும் கிடைக்காத வருத்தத்தில், "கம்பெனிப் பொருளு மாதிரி இல்லீங்களே" என்றார். சூசை அண்ணாச்சி நல்ல காதை அவர் பக்கம் திருப்பிக் கேட்டுவிட்டு, விமானம் நிறுத்துகிற ஹேங்கர் முழுக்க எதிரொலிக்கிற மாதிரி சொன்னார்: "கம்பெனிக்காரன் செஞ்சதுதான சார் அங்கன ஒடிஞ்சு கெடக்கு!"

துரு

என் மானம் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்த முதல் கம்பி சாதா இரும்பு, மேலே நல்ல பெயிண்ட். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பியது. கடல் தள்ளித்தான் இருக்கிறது, ஆனால் வாடைக்கு அது ஒரு தூரமா? சக்கரத்தில் மாட்டியதும் பிடித்துக்கொள்கிற மாதிரி உள்ளே ஒரு ஸ்பிரிங் வைத்திருந்தேன். அது துருப்பிடித்து இறுகிவிட்டது. பிள்ளைகள் வரிசையில் காத்திருக்க, விமானத்தின் மூக்கிலிருந்து கம்பி கழலவில்லை. கம்பி மாட்டியபடியே எஞ்சினைப் போட்டால் முன்னால் சுற்றுகிற பங்கா கம்பியில் அடித்துச் சிதறிவிடும். போன் வந்தது. ஓடினேன். அத்தனை பேர் முன்னால், நான் செய்த கம்பியை நானே ஆக்சா பிளேடால் அறுத்து எடுத்தேன்.

பட்டறைக்கு வந்து, "வேண்டாம் மதினி, நமக்குப் படகே போதும்" என்று வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிப் போட்டேன். மதினி ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. பழைய தோணி ஒன்றில் கழற்றிய, துருவே ஏறாத எஸ்.எஸ். பைப் மூலையில் கிடந்ததைக் காலால் என் பக்கம் உருட்டி விட்டாள். "உப்புக்குள்ள கடையப் போட்டுக்கிட்டு துருவப் பாத்து ஓடுதியே, நாளைக்கு மீனு நாறுதுன்னு வலைக்காரனும் ஓடட்டுமா ஏளா?"

ஒடிவதற்கென்றே ஒரு பின்

எஸ்.எஸ். கம்பி துருப்பிடிக்கவில்லை. ஆனால் வேறு வம்பு வந்தது. மூக்குச் சக்கரத்தை ஒரு அளவுக்கு மேல் திருப்பினால் உள்ளே இருக்கிற இணைப்பு பிய்ந்துவிடும். கையால் இழுக்கிறவருக்கு அது தெரியும், நிறுத்திவிடுவார். ஆனால் வெயிலில் இழுக்கச் சோம்பல்பட்டு, டோ பாரை ஜீப்பின் பின்னால் கட்டி இழுக்க ஆரம்பித்தார்கள். ஜீப்புக்கு என்ன தெரியும்? அதனால் கம்பியின் நடுவில் ஒரு மூட்டு வைத்து, அதில் அலுமினியப் பின் ஒன்றைச் செருகினேன். அளவுக்கு மேல் திருப்பினால் பின் ஒடியும், விமானம் தப்பிக்கும். ஒடிந்த பின்னுக்குப் பதில் போட டப்பாவில் இருபது பின்னும் கொடுத்தேன்.

ஒரே வாரத்தில் ஏழு பின் ஒடிந்தது. ஏழு தடவை விமானம் பிழைத்தது என்று நான் எடுத்துக்கொண்டேன். அலுவலகத்தில், பட்டறைக்காரி ஏமாற்றிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார்கள். யாரோ ஒரு புத்திசாலி பின்னை எடுத்துவிட்டுத் தடித்த இரும்பு போல்ட்டைப் போட்டு முறுக்கிவிட்டார். போன இடத்தில் அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஸ்பேனரை வாங்கி அங்கேயே போல்ட்டைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். மேனேஜர் வெளியே வந்தார். பெரிய ஊரில் படித்துவிட்டு வந்தவர், சட்டைக் கை மடிப்பு கலையாதவர். போல்ட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். பின்னை ஏன் வைத்தேன் என்று இரண்டு தடவை விளக்கினேன். அவர் கதிர்வேல் சாரைப் பார்த்துச் சொன்னார்: "ஒடிவதற்கென்றே ஒரு சாமானைச் செய்துவிட்டு, அதில் இந்த அம்மாவுக்குப் பெருமை வேறு!"

நிலோபர் கொண்டுவந்தது

ஆடி மாதம். மேற்கிலிருந்து கச்சான் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஸ்கூட்டரில் ஒரு பெண் பட்டறைக்கு வந்து இறங்கினாள். காயல்பட்டினத்துப் பிள்ளை, பேர் நிலோபர், அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள். கைக்குட்டையைப் பிரித்து என் மேசையில் ஒரு ஆணியை வைத்தாள். நாலு அங்குல ஆணி. "அக்கா, இத நீங்கதான் குடுத்தீங்கன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. நீங்க குடுத்திருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா நீங்களே சொல்லிக் கேக்கணும்."

தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். நடந்தது இதுதான். விமானத்தின் உள்ளே கார் ஸ்டியரிங்கைப் பாதியாக வெட்டின மாதிரி ஒன்று இருக்கும். வாலிலும் இறக்கையிலும் இருக்கிற பாகங்களை அசைப்பது அதுதான். அதை அசையாமல் பிடிக்க ஒரு துளை, துளைக்குள் போடுகிற கன்ட்ரோல் லாக். ஒரிஜினல் லாக் தொலைந்து போயிருந்தது. அந்தத் துளையில் யாரோ இந்த ஆணியைச் செருகியிருக்கிறார்கள். லாக்கில் தொங்குகிற சிவப்புத் துணி இல்லை, வேறு அடையாளமும் இல்லை. ஆணித் தலை கருப்புக்குள் கருப்பாக மறைந்திருக்கிறது. எஞ்சின் போட்டாயிற்று, ஓடுபாதையின் வாய்க்கு வந்தாயிற்று. மேலே ஏறுவதற்கு முன்னால் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, முழுக்க இழுத்துப் பார்க்க வேண்டும் என்பது பாடம். பார்த்திருக்கிறாள். அசையவில்லை. அப்படியே ஓட்டியிருந்தால், வேகம் பிடித்த பிறகு அவள் கையில் ஒன்றுமே இருந்திருக்காது.

மதினி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் என்ன செய்தார் என்று கேட்டேன். "போன் பாத்துக்கிட்டிருந்தாங்க. 'புது கிரீஸா இருக்கும், பலமா இழு, வந்துரும்'னாங்க. நான் இழுக்கலக்கா. எஞ்சின அணைச்சிட்டேன்."

விசாரணை

இரண்டு நாளில் எனக்கும் அழைப்பு வந்தது. வந்து விளக்கம் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். தனியாகப் போகாதே என்று மதினியும் கிளம்பினாள். ஏ.சி. அறையில் மேனேஜர், கதிர்வேல் சார், அந்தப் பயிற்சியாளர், நிலோபர். கதவோரம் சூசை அண்ணாச்சி. மேனேஜர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "அங்கீகாரம் இல்லாத உள்ளூர்ப் பட்டறைச் சாமான்களைப் பயன்படுத்தியதால் ஏற்பட்ட குறைபாடு" என்று ஆரம்பித்தது. கீழே என் பேருக்கு நேரே கோடு.

"எந்தச் சாமான் சார்?" என்று கேட்டேன். நிலோபர் ஆணியை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். அவள் அதை வைத்திருப்பது மேனேஜருக்குத் தெரியாது போல. முகம் மாறியது.

"நான் செஞ்சு குடுத்தது டோ பார். இது ஆணி. ஊர்ல எந்த இரும்புக் கடையிலயும் கிலோக் கணக்குல நிறுத்துத் தருவான். நான் இதுல கையெழுத்துப் போடமாட்டேன்."

"நீங்கள் அடிக்கடி வந்து போகிறீர்கள். உங்கள் பையிலிருந்து விழுந்திருக்கலாம்" என்றார் மேனேஜர்.

அப்போதுதான் கதவோரத்திலிருந்து குரல் வந்தது. சூசை அண்ணாச்சிக்கு மெதுவாகப் பேச வராது. "அந்தத் தங்கச்சிய விடுங்க சார். நான்தான் போட்டேன்." தொப்பியைக் கழற்றினார். "லாக்கு தொலைஞ்சு போச்சு. கச்சான் காத்துல ஸ்டியரிங்கு ராவும் பகலும் அடிச்சிக்கிட்டே கெடந்துச்சு, வாலு பிய்ஞ்சிரும்போல இருந்துச்சு. கையில கெடைச்சதப் போட்டேன். காலைல எடுக்க மறந்துட்டேன். தப்பு என் தப்புதான்." பிறகு நிலோபர் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிரு பிள்ள. எம் மவ வயசு ஒனக்கு." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நிலோபரும் அழுதாள்.

மேனேஜருக்கு மட்டும் பெரிய நிம்மதி. என் பேர் போட்ட தாளை எடுத்துக் கிழித்துவிட்டு, "சரி, இவரை இன்றோடு அனுப்பிவிடலாம். நீங்கள் போகலாம் அம்மா" என்றார். மேசைக்கு அடியில் மதினி என் காலை மிதித்தாள். எழுந்து வா என்று அர்த்தம். உண்மையைச் சொல்கிறேன், எழுந்து போகத்தான் எனக்கும் தோன்றியது. என் பேர் தப்பித்துவிட்டது, பட்டறை தப்பித்துவிட்டது. ஆனால் சூசை அண்ணாச்சி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"லாக்கு தொலைஞ்சு எத்தன நாளாச்சு சார்? யார்கிட்டயும் சொல்லலியா இவரு?" என்று கேட்டேன்.

"அது உங்கள் விஷயம் இல்லை."

"எம் பேர அந்தத் தாள்ல அடிக்கும்போது என் விஷயமாத்தான இருந்துச்சு?"

கதிர்வேல் சார் எழுந்து வெளியே போனார். அவ்வளவுதான், மனுஷர் நழுவிவிட்டார் என்று நினைத்தேன். இரண்டு நிமிஷத்தில் ஒரு நீள ரெஜிஸ்டரோடு திரும்பி வந்தார். பக்கத்தைப் புரட்டி மேனேஜர் முன்னால் வைத்தார். அந்த விமானத்துக்கு லாக் வேண்டும் என்று மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் கையெழுத்துப் போட்டு அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார். "சூசை சொன்னானுங்க. நான் மூணு தடவை எழுதிப் போட்டனுங்க. பதில் வல்லீங்க. நாலாவது தடவை எழுதாம, வண்டியப் பறக்க உட்டனுங்களே, அது என்ற தப்புங்க" என்றார். வேலை போனாலும் போகும் என்று தெரிந்துதான் சொன்னார்.

நான் எழுந்தேன். "அண்ணாச்சிய மட்டும் வீட்டுக்கு அனுப்பினியன்னா, எம் பட்டறையிலருந்து இனி ஒரு நட்டு இங்கன வராது. ஏன் வரலன்னு கேக்கவங்ககிட்ட எல்லாம் இந்த ரெஜிஸ்டரச் சொல்லுவேன்." நிலோபரும் எழுந்து, நடந்ததை அப்படியே எழுதித் தருவதாகவும், போனில் இருந்தது யார் என்பதையும் சேர்த்தே எழுதுவதாகவும் சொன்னாள். பயிற்சியாளர் தரையைப் பார்த்தார்.

கடைசியில் சூசை அண்ணாச்சிக்கு எச்சரிக்கையும் இரண்டு வாரம் ஹேங்கருக்குள் வேலையும். பயிற்சியாளர் மறுபடி பாடம் படித்த பிறகுதான் பிள்ளைகளோடு ஏறலாம் என்றானது. ஆறு விமானத்துக்கும் லாக் செய்ய எனக்கு அன்றைக்கே உத்தரவு எழுதினார்கள். எழுதும்போது மேனேஜர், "ஒரு ஆணிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று முணுமுணுத்தார். அதுவரை வாயே திறக்காத மதினி சொன்னாள்: "ஆணி ஒண்ணுதான் சார். அதுக்குப் பின்னால எத்தன பேரு ஒளிஞ்சு நின்னியன்னு இப்பதான தெரியுது."

துணியில் எழுதியது

லாக் செய்வதற்குள் உயிர் போய்விட்டது. கம்பியைச் செருகினால் மட்டும் போதாது, எடுக்க மறக்கவே முடியாதபடி இருக்க வேண்டும். அதனால் எஸ்.எஸ். கம்பியோடு கை அகலத்துக்கு ஒரு தகடு சேர்த்தேன். லாக் மாட்டியிருந்தால் தகடு சாவித் துளையை மறைத்துக்கொள்ளும். லாக்கை எடுக்காமல் சாவியே போட முடியாது. நாலு மாதிரி செய்தேன், மூன்றைக் கதிர்வேல் சார் திருப்பி அனுப்பினார். ஒன்று தளர்வு, ஒன்றில் தகடு ஒரு விரல் விலகியிருந்தது, ஒன்றின் ஓரம் கையைக் கிழித்தது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மூன்று தடவையும் அவர் சொன்னதுதான் சரி. நாலாவதை நாள் முழுக்க மாட்டியும் கழற்றியும் பார்த்துவிட்டு எழுதி ஏற்றுக்கொண்டார்.

தகட்டில் தொங்குகிற சிவப்புத் துணி மதினி பொறுப்பு. அலுவலகத்திலிருந்து ஆங்கில வாசகம் எழுதி அனுப்பியிருந்தார்கள். மதினி அதை ஒரு பக்கம் தைத்தாள். மறுபக்கம், யாரையும் கேட்காமல், வெள்ளை நூலில் "முதல்ல என்னை எடு" என்று கொட்டை எழுத்தில் தைத்துவிட்டாள். தமிழில் எதற்கு என்று அலுவலகத்தில் கேட்டார்கள். "காலைல எடுக்கவரு யாரு, நீங்களா?" என்று மதினி திருப்பிக் கேட்டாள். சூசை அண்ணாச்சி துணியைக் கையில் விரித்து, உதடு அசைய வாசித்தார். "இத்தன நாளா அந்தச் செவப்புத் துணியெல்லாம் பைலட்டுகிட்டதாம் பேசிச்சு தங்கச்சி. இப்பதான் எங்கிட்டயும் பேசுது."

புயல்

கார்த்திகைக் கடைசியில் வங்கக் கடலில் புயல் என்று அறிவிப்பு வந்தது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது, வள்ளங்களைக் கரைக்கு இழுத்துக் கட்டினார்கள். ஹேங்கருக்குள் இரண்டு விமானம்தான் நிற்கும். மிச்சம் நாலும் வெட்டவெளியில். உள்ளே இருக்கிற லாக் சாதாரணக் காற்றுக்குச் சரி. புயலுக்கு வெளியிலிருந்தே வாலையும் இறக்கையையும் பிடிக்க வேண்டும். ஒன்றரை நாள் நேரம். அசைகிற பாகத்தை இரண்டு பக்கமும் கவ்வுகிற மாதிரி ஒட்டுப்பலகையை இரண்டிரண்டாக அறுத்து நானும், உள்பக்கத்துக்கு மெத்தை தைத்து மதினியும், போல்ட் போட்டு இறுக்குவதற்கு வள்ளத்துக்காரர்கள் இரண்டு பேருமாக இருபத்து நாலு ஜோடி செய்தோம். மழை ஆரம்பித்த பிறகுதான் கடைசி ஜோடியை மாட்டினோம். சூசை அண்ணாச்சி வள்ளம் கட்டுகிற முடிச்சைப் போட்டு நாலையும் தரையோடு கட்டினார்.

மறுநாள் காற்று தணிந்ததும் மதினியோடு பஸ் பிடித்துப் போனேன். வழியெல்லாம் பனை சாய்ந்து கிடந்தது, கம்பங்கள் விழுந்து கிடந்தன. பள்ளியின் தகரக் கூரை ஒரு மூலை பிய்ந்து பறந்திருந்தது. நாலு விமானமும் சகதிக்குள் அப்படியே நின்றன. ஒரு வாலும் ஒடியவில்லை. கதிர்வேல் சார் மழைக்கோட்டோடு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து, எங்களைப் பார்த்துக் கைகூப்பினார். ஒரே ஒரு பலகை மட்டும் இரவில் கொஞ்சம் நழுவி, இறக்கையில் விரல் நீளத்துக்குக் கோடு போட்டிருந்தது. மேனேஜர் குடையோடு வந்து அதைத்தான் முதலில் கண்டுபிடித்தார். "என்னம்மா இது, பெயிண்ட் போய்விட்டதே!"

பேர்

போன மாதம் வெளியூர் வியாபாரி ஒருவர் காரில் வந்தார். எங்கள் டோ பாரை எங்கேயோ பார்த்திருக்கிறார். வேறு ஊர்ப் பயிற்சிப் பள்ளிகளுக்கும் வேண்டும், மாதத்துக்கு இத்தனை என்று எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மதினி டீ போட்டாள். பேச்சு நன்றாகத்தான் போனது. ஒவ்வொரு கம்பியிலும் கைப்பிடிக்குக் கீழே நான் "எஸ்தர், தூத்துக்குடி" என்று எழுத்துக் குத்துவேன். அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது மட்டும் வேண்டாம்" என்றார். அவர் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டுவாராம். பட்டறைப் பேரும் பொம்பளைப் பேரும் பார்த்தால் விமானக்காரர்கள் பயப்படுவார்களாம்.

"ஒடிஞ்சா யார்கிட்ட வந்து கேப்பாங்க?" என்று கேட்டேன். "அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். ஒடிந்தால் வந்து கேட்பதற்காகத்தான் பேர் குத்துகிறேன், கேட்க முடியாத சாமானை நான் செய்வதில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் விடவில்லை. பெரிய வாய்ப்பு, யோசித்துப் பாருங்கள் என்றார். மதினி, குடித்து முடிக்காத டீக் கிளாஸை அவர் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காரில் ஏறும்போது அவர் சொன்னார்: "ஒரு பேருக்காக இவ்வளவு பெரிய ஆர்டரை விடுகிற ஆட்களை நான் பார்த்ததே இல்லை."

பறக்கிறவர்களுக்கெல்லாம் லைசென்ஸ் கொடுக்கிறார்கள், அவர்களைத் தரையில் இழுத்துப் பிடிக்கிற எனக்கு மட்டும் அப்படி ஒன்று இல்லை, இனிமேல் யாரிடமும் போய்க் கேட்பதாகவும் இல்லை.